நாய்க்கு ஒரு பிறப்பிடம்

செருப்புக் கடைக்கு மேல், இரண்டாம் மாடியில் எங்கள் அகராதி அலுவலகம். மொத்தமே மூன்று பேர். முன்னறையில் ஆசிரியர். சன்னலோரம் பக்கங்களை வடிவமைக்கும் நான். எனக்கு எதிரே, பெட்டிகளின் மறைவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பவர் அட்டை அக்கா. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும் இணைச்சொற்களும் அவை பிறந்த கதையும் எழுதுவது அவர் வேலை.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் சொல்லின் விவரம். பின்பக்கம் சான்று, அதாவது அந்த விவரம் எந்த நூலில் கிடைத்தது என்ற குறிப்பு. இரண்டு நூல்கள் ஒத்துப்போனால் மூலையில் ஒரு நீலக் கோடு. நீலக் கோடு விழுந்த அட்டையை அதன்பிறகு யாரும் சீண்ட மாட்டார்கள்.

அக்காவிடம் வாயைக் கொடுத்தால் நம் வேலை கெட்டது. ஒருநாள் கையில் தசை பிடித்துக்கொண்டது என்றேன். "மசில்னா லத்தீன்ல குட்டி எலின்னு அர்த்தம். தோலுக்கடியில எலி ஓடற மாதிரி இல்ல?" என்றார். "அந்த எலிதான் சுளுக்கிக்கிச்சு, தைலம் இருக்கா?" என்று கேட்டேன். காதிலேயே விழவில்லை. இணைச்சொல் என்பதே பொய் என்பது அவர் கட்சி. "பிக், லார்ஜ் ரெண்டும் ஒண்ணாம். பிக் சிஸ்டர்னா அக்கா. என்னை லார்ஜ் சிஸ்டர்னு கூப்பிட்டுப் பாரு, என்ன நடக்குதுன்னு தெரியும்."

இன்னொரு நாள் சன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "விண்டோன்னா காற்றின் கண். நம்ம பழைய தமிழ்ல காலதர்னா காற்று வர்ற வழி. ஒருத்தரையொருத்தர் பாக்காத ஜனங்க எப்படிய்யா ஒரே மாதிரி யோசிச்சாங்க?" அந்த யோசனையில் சன்னலைச் சாத்த மறந்து, மழையில் என் பக்கங்கள் நனைந்ததுதான் மிச்சம்.

'பிறப்பு தெரியவில்லை' என்று எழுதுவது மட்டும் அவருக்கு வேப்பங்காய். அதிலும் டாக் என்ற சொல். "இவ்வளவு பெரிய மொழி, காலடியில கிடக்கற நாய்க்கு எங்கேருந்து பேர் வந்துச்சுன்னு தெரியாதாம்!" என்று பொருமுவார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், முதல் பதிப்பு அச்சுக்குப் போகும் நாளில், அந்தச் சொல் இருந்த பத்தியில் ஒரு வரி குறைந்தது. "ஒரு வரி வேணும்!" என்று கத்தினேன். அக்கா விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தார். 'காவல், விழிப்பு என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது.' அட்டையின் பின்பக்கம் காலி. பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. வரி நிரம்பிவிட்டது, எனக்கு அது போதும்.

இந்த வருடம் இரண்டாம் பதிப்பு. ஆசிரியர் அக்காவை அழைத்து, "தொகுத்தவர்னு உங்க பேரை முகப்புப் பக்கத்துல போடறேன்மா. சான்றில்லாத அட்டை ஒண்ணுகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். பத்தொன்பது வருட உழைப்பில் அக்காவின் பெயர் எங்கேயும் அச்சானதில்லை. சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவர் கணவர், பஸ் ஓட்டுநர், விஷயம் கேட்டு மாடிப்படியில் நின்றபடியே டிப்போவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருநாள் மூன்று தடித்த அகராதிகளோடு வாயெல்லாம் பல்லாக வந்தார். "டாக்குக்கு நீங்க சான்று எழுத மறந்துட்டீங்கம்மா. நானே தேடிட்டேன். மூணுலயும் அப்படியே இருக்கு! நீலக் கோடு போடுங்க."

அவர் போனதும் அக்கா புத்தகங்களைப் பிரித்தார். முகம் மலர்ந்தது. "அப்போ நான் நெனச்சது சரிதானா!" சிறுபிள்ளை மாதிரி குதித்தார். பிறகு என்ன தோன்றியதோ, முன்பக்கம் புரட்டி வெளிவந்த வருடத்தைப் பார்த்தார். மூன்றுமே எங்கள் முதல் பதிப்புக்குப் பின்னால் வந்தவை. மூன்றிலும் காவல், விழிப்பு, அதே வரிசை, அதே பழஞ்சொல்.

"நான் விட்ட புளுகு ஊரைச் சுத்திட்டு எனக்கே சாட்சி சொல்ல வந்திருக்கு" என்றார்.

"யாருக்கு அக்கா தெரியப்போவுது? ஒரு கோடுதானே, போட்டுட்டுப் போங்க." நான் அப்படிப்பட்ட ஆள்தான், மறைப்பானேன்.

நீலப் பேனாவைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. "விடை கிடைச்சிருச்சுன்னு நெனச்சா, நெஜமாத் தேடறவன்கூட நிறுத்திடுவானே" என்றார். பேனாவை மூடிவிட்டு முன்னறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

ஆசிரியர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சத்தமில்லாம திருத்திடலாம். ஆனா முகப்புப் பக்கத்துல உங்க பேரை இனி போட முடியாதும்மா."

"பரவாயில்ல சார். ஆனா சத்தமில்லாம வேண்டாம். அந்த மூணு புத்தகமும் அப்படியேதான நிக்கும்? திருத்தம்னு போடுங்க. யார் எழுதினதுன்னும் போடுங்க."

அந்தப் பக்கத்தை வடிவமைத்தவன் நான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று வரிகள். 'முதல் பதிப்பில் டாக் என்ற சொல்லுக்குத் தந்த பிறப்பு என் ஊகம். அதற்குச் சான்று இல்லை. அதைப் பின்பற்றிய நூல்களும் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.' கீழே அக்காவின் பெயர். என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன், வெட்கமாக இருந்தது. "வரிதான் உன்னுது, புளுகு என்னுது" என்று மறுத்துவிட்டார்.

புத்தகம் வந்த அன்று கணவர் காக்கிச் சட்டையோடு மேலே ஏறி வந்தார். முகப்புப் பக்கத்தை இரண்டு முறை பார்த்தார். அக்கா கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அட, இங்க இருக்கு!"

"மேல இருக்கறதையும் படிங்க."

விரல் வைத்துப் படித்தார். "அப்போ நாய்க்கு அந்தப் பேரு எங்கேருந்துதான் வந்துச்சு?"

"தெரியாதுங்க. யாருக்குமே தெரியாது. இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாளைக்கு டிப்போவுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"நான் தப்புப் பண்ணினதையா?"

"எல்லாரும் படிக்கணும்னுதான போட்டே?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.