கை வைத்தால் மட்டும் ஆடும் லிவர்

அந்த அலுவலகத்தில் மொத்தமே நான்கு பேர். முதலாளி, மென்பொருள் எழுதும் இரண்டு பேர், அப்புறம் அவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கான துணைச் சாமான்களை அவர்கள் செய்து விற்றார்கள். என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லிவர், காலால் மிதிக்கும் பெடல், இவற்றைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் ஒரு சின்ன மென்பொருள். விற்றதோடு முதலாளி கை கழுவிக்கொள்வார். அதற்கப்புறம் எது ஓடாவிட்டாலும் அவள் தலையில்தான் விடியும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்போலப் புகார் எல்லாம் அவளிடம் வந்து இறங்குவதால் அவளுக்கு ‘டவர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி. மின்னஞ்சலில் ஒரு நாளைக்கு முப்பது கடிதம் வரும், முக்கால்வாசி திட்டு. “உங்கள் பெடல் என் விமானத்தை இடப்பக்கமாகவே இழுக்கிறது” என்று ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். மேஜைக்கு அடியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அவர் வீட்டு நாய் இடது பெடல்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவருக்கு இரண்டு மென்பொருள்கள் ஒரே லிவரைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. சரியானதும் யாரும் நன்றி சொல்ல நினைப்பதில்லை. அவளும் எதிர்பார்ப்பதை விட்டு வருஷக்கணக்காயிற்று. அவளுக்கு விமானம் ஓட்டும் ஆசையெல்லாம் கிடையாது. சோதித்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஓட்டுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். “நீ ஜனங்களை மேல அனுப்புறே, நான் கீழ கொண்டுவர்றேன்” என்பார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் வேலையைச் சாப்பாட்டு மேஜைவரை கொண்டுவருகிறவர்கள்.

பஸ் டிரைவர் ஒருவரின் முதல் கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. “வணக்கம். நான் பஸ் டிரைவர், முப்பத்திரண்டு வருட சர்வீஸ். மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. தினமும் இரண்டு மணி நேரம் உங்கள் லிவரை வைத்து விமானம் ஓட்டுகிறேன். சில மாதங்களாக மேலே போய் நிலைத்த பிறகு என்ஜின் சத்தம் நடுங்குகிறது, குளிர்ஜுரம் வந்தவன் பேசுவதுபோல. தங்களுக்குச் சிரமம் இல்லாதபோது பார்க்கவும்.”

சிரமம் இல்லாதபோது பார்க்கவும் என்று அவளுக்கு அதுவரை யாரும் எழுதியதில்லை. அன்றைக்கு வந்ததில் அதைத்தான் முதலில் எடுத்தாள்.

வழக்கமான கேள்விகளில் ஆரம்பித்தாள். கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தீர்களா? வேறு ஏதாவது மென்பொருள் அதே லிவரைப் பிடித்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் அவர் அன்றைக்கே பதில் போட்டார், ஒன்றைக்கூட விடாமல். ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. லிவருக்குள் அதன் நிலையை அளக்கிற சின்ன வட்டப் பாகம் தேய்ந்திருக்கும் என்று அதை மாற்றி அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து எழுதினார்: “மிக்க நன்றி. அப்படியேதான் இருக்கிறது.” முழு லிவரையே மாற்றி அனுப்பினாள். அப்படியேதான் இருந்தது. மூன்றாவதாக அவளே தன் மேஜையில் இரண்டு நாள் வைத்துச் சோதித்த ஒன்றை அனுப்பினாள். “மிக்க நன்றி. அப்படியேதான்.”

முதலாளி அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றார். “டவர், ஒரே ஆளுக்கு மூணு தடவையா? அவர் வீட்டுக் கரண்ட்ல ஏதோ கோளாறு. கேஸை மூடு.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துடறேன் சார்.”

லிவர் அனுப்பும் எண்களை நொடிக்கு நூறு தடவை குறித்துவைக்கும் ஒரு சின்ன நிரலை அவருக்கு அனுப்பினாள். முதல் ஒரு நிமிடம் லிவரைத் தொடாமல் இருங்கள், அடுத்த நிமிடம் சும்மா கையை வைத்திருங்கள், மூன்றாவது நிமிடம் மேலும் கீழும் இழுங்கள் என்று எழுதினாள். மறுநாள் காலை கோப்பு வந்தது. திறந்து வரைபடமாக்கினாள். தொடாதபோது அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடு. கை வைத்ததும் சின்னச் சின்ன அலை, நொடிக்கு ஐந்து, ஒழுங்காக. இழுக்கும்போது அலை காணாமல் போனது. கை ஓய்ந்ததும் திரும்ப வந்தது.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லிவர் கெட்டிருந்தால் இழுக்கும்போதுதான் கோடு உடைய வேண்டும். இது நேர்மாறாக இருந்தது. வரைபடத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். “சும்மா இருந்தா ஆடுது, வேலை குடுத்தா நிக்குதா?”

“ஆமா. அதான் புரியல.”

அவர் காகிதத்தை மெதுவாக மேஜையில் வைத்தார். “எங்க பழைய மேஸ்திரி ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? ஸ்பேனரைப் பிடிச்சார்னா கை கல்லு மாதிரி நிக்கும். கீழ வச்சார்னா ஆடும். மாத்திரை உருட்டுற மாதிரி. முதல்ல நாங்க கேலி பண்ணிட்டு இருந்தோம். அப்புறம்தான் நடுக்குவாதம்னு தெரிஞ்சது.” காகிதத்தில் அலையின்மேல் விரலை வைத்தார். “உன் லிவர்ல ஒண்ணும் இல்ல. அது ஆள் கை.”

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். முப்பத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர்.

மறுநாள் அலுவலகத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ‘உங்கள் லிவரில் பழுது இல்லை’ என்று ஆரம்பித்தாள். அடுத்த வரி வரவில்லை. நான் யார், டாக்டரா? ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதலாமா? அவள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். அவள் வரைபடத்தைக் காட்டினாள், மேஸ்திரி கதையைச் சொல்லவில்லை.

“இவ்வளவுதானா? வடிகட்டியைப் போட்டு விடு.”

அவர்களுடைய மென்பொருளில் அப்படி ஒன்று இருந்தது. லிவரிலிருந்து வரும் எண்களை அப்படியே அனுப்பாமல், முன்னே பின்னே உள்ளவற்றோடு கலந்து சராசரியாக்கி அனுப்பும். நடுக்கம் மட்டுப்பட்டுவிடும். பூஜ்யத்திலிருந்து நூறுவரை எவ்வளவு வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். அவள் பதினைந்து என்று வைக்கச் சொல்லி எழுதினாள். ஒரே வரிக் கடிதம். அன்று மாலையே பதில் வந்தது. “அற்புதம். நின்றுவிட்டது. உங்கள் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும்.”

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. தெருவில் பஸ் போனால் டிரைவரின் கையைப் பார்த்தாள். செய்தியில் விபத்து என்றால் ஊரையும் பேரையும் தேடினாள். கணவர் ஒருநாள் சொல்லிவிட்டார். “நீ அவருக்குப் பண்ணினது உதவி இல்ல. வலிக்கிற இடத்துல துணியைப் போட்டு மூடியிருக்கே. போன் பண்ணு.”

பதிவில் அவர் எண் இருந்தது. சனிக்கிழமை மதியம், ஆளில்லாத அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள்.

“சார், நான் லிவர் கம்பெனியிலிருந்து பேசுறேன். உங்களுக்குக் கடிதம் எழுதுறது நான்தான்.”

“அடடே, நீங்களாம்மா! சொல்லுங்க சொல்லுங்க. ரொம்ப நல்லா ஓடுது இப்ப.”

“சார், அந்த நடுக்கம்… அது லிவர்ல இல்ல சார்.” அவள் நிறுத்தாமல் சொன்னாள். “வடிகட்டி போட்டு நான் மறைச்சிருக்கேன். முதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க ஒரு டாக்டரைப் பார்க்கணும் சார். தயவு செஞ்சு வண்டி ஓட்டாதீங்க.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

“தெரியும்மா” என்றார் அவர்.

“தெரியுமா சார்?”

“ஆறு மாசம் ஆச்சு. ஒரு ஸ்டாப்ல வண்டி நிக்குது. கியர் மேல கை. கியர் ஆடுது. என்ஜின்தான் உதறுதுன்னு என்ஜினை நிறுத்தினேன். அப்பவும் ஆடுச்சு. ஆளுங்களை அடுத்த வண்டிக்கு மாத்திவிட்டுட்டு அன்னைக்கே சாவியைக் குடுத்துட்டேன்.” அவர் மூச்சு விட்டார். “ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. ரெண்டு பேரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் சார் லிவரை…”

“மெஷினாவது வேற மாதிரி சொல்லாதான்னுதான். முதல்தரம் நீங்க பார்ட்டை மாத்தி அனுப்பினீங்க பாருங்க, அந்த ஒரு வாரம் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா? கம்பெனியே லிவர் கெட்டுப் போச்சுன்னு சொல்லுதே, டாக்டருங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். மூணாவது லிவர் வந்தப்ப பெட்டியைப் பிரிக்கவே மனசு வரல.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவரோ அவளைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிட்டார். கடைசியில், “அந்த வடிகட்டியை மட்டும் எடுத்துடாதீங்கம்மா. அங்கயாவது கை நிக்கட்டும்” என்றார்.

அதற்கப்புறம் வாரம் ஒருமுறை பேசினார்கள். வடிகட்டியின் எண் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிற்று, நாற்பதாயிற்று. எண் ஏற ஏற வேறொரு தொல்லை முளைத்தது. சராசரியாக்கும் வேலை நேரத்தைத் தின்றது. அவர் லிவரை இழுத்தால் என்ஜின் அரை நொடி கழித்துக் கேட்டது, அப்புறம் ஒரு நொடி. மேலே பறக்கும்போது பரவாயில்லை. இறங்கும்போது அந்த ஒரு நொடிக்குள் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. எண்ணைக் குறைத்தால் நடுக்கம், கூட்டினால் தாமதம். இடையில் சரியான எண் ஒன்று இருக்கும் என்று அவள் மாலை நேரங்களில் உட்கார்ந்து தேடினாள். ஒரு மாதம் அப்படி ஒன்று இருந்தது. அடுத்த மாதம் அது போதவில்லை.

“ஆட்டோ பைலட்டை விட்டே இறக்கச் சொல்லலாம் சார், ஒரு பட்டன்தான்” என்று ஒருமுறை சொன்னாள்.

“டிரைவர் சீட்ல உக்காந்து டிக்கெட் வாங்கிட்டுப் போற மாதிரி இருக்கும்மா” என்று சிரித்தார்.

அந்த ஆண்டின் கடைசியில், விமானம் ஓட்டும் சிமுலேட்டர் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. பஸ் டிரைவரிடம் இருந்த பழைய மாடல் லிவரை அதில் ஆதரிப்பதில்லை என்று முதலாளி முடிவெடுத்தார். அவள் அவரிடம் முழுக் கதையையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “பாவம்தான். ஆனா ஒருத்தருக்காக எப்படி டவர்?” அவள் வாதாடவில்லை. மென்பொருள் எழுதும் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு, ஐந்து ஞாயிற்றுக்கிழமை செலவழித்து, பழைய லிவரைப் புதிய பதிப்பில் பேசவைத்தாள். அது வேலை செய்தது. அதற்குள் பஸ் டிரைவரின் இடது கையும் ஆட ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் அவர் மகள் போனில் பேசினாள். தகப்பனார் மகள் வீட்டுக்கே வந்துவிட்டாராம். “அப்பாவுக்கு மவுஸ் பிடிக்க முடியல அக்கா. ஸ்கிரீனைப் பார்த்துட்டே உக்காந்திருக்காரு.”

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஞாயிறு காலை தன் வீட்டில் இன்னொரு லிவரை மாட்டினாள், திரை அவருக்கும் தெரியும்படி செய்தாள், போனைக் காதில் வைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க சார், நான் இழுக்கிறேன்.”

விமானத்தை மேலே ஏற்றிவிட்டாள். அவர் சொன்னபடி திரும்பினாள். இறங்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அவருடைய குரலும் தேய்ந்துபோயிருந்தது. சொல்வது பாதிதான் காதில் விழுந்தது. “என்ன சார்? கூட்டவா, குறைக்கவா?” என்று அவள் கத்தினாள். மகள் குறுக்கே வந்து, “குறைக்கச் சொல்றாரு” என்றாள். அது வந்து சேர்வதற்குள் ஓடுபாதை கண்ணுக்குக் கீழே ஓடி முடிந்திருந்தது. விமானம் புல்லில் மோதிப் படம் உறைந்தது.

“பரவால்ல” என்றார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அடுத்த ஞாயிறும் அதேதான். இந்தமுறை மோதியதும் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மூன்றாவது ஞாயிறு அவள் கூப்பிட்டபோது மகள் வெளியே வந்து தணிந்த குரலில் பேசினாள். “அப்பா வேண்டாங்கிறாரு அக்கா. உங்களுக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. கோவிச்சுக்காதீங்க.”

“கோவமெல்லாம் இல்லம்மா. அவர்கிட்ட போனைக் குடுக்க முடியுமா? ஒரே நிமிஷம்.”

மகள் உள்ளே போனாள். கதவு திறந்தது. ஏதோ பேச்சு. அவள் காத்திருந்தாள். திரையில் விமானம் ஓடுபாதையின் முனையில் என்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகள் திரும்பி வந்தாள்.

“சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு அக்கா.”

அவள் சரி என்றாள். போனை வைத்தாள். பக்கத்து அறையிலிருந்து கணவர், “என்ன ஆச்சு?” என்று கேட்டார். அவள் லிவரின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து எட்டிப் பார்த்தார். அவளாக எழுந்திருக்கட்டும் என்று கதவருகிலேயே நின்றார்.