காலி நாற்காலிக்கு ஊற்றிய சூப்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை அன்றே நிமிஷக் கணக்கோடு என் நோட்டில் எழுதி வைத்தேன். 1930, மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஹாலிவுட்.

எனக்கு கன்டினியூட்டி பார்க்கும் வேலை. ஒரு டேக்கில் கோப்பை எங்கே இருந்ததோ, அடுத்த டேக்கிலும் அங்கேயே இருக்க வேண்டும். பிசகினால் வேலை போய்விடும். அந்த வருஷம் போன வேலை யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

பீரங்கிக் குண்டு செய்யும் குடும்பம் ஒன்றின் கதை அந்தப் படம். அன்று எடுத்தது சாப்பாட்டு மேஜைக் காட்சி. அப்பா, அம்மா, இளைய மகன். நாலாவது நாற்காலி காலி. போரில் செத்த மூத்த மகனுடையது. அவனுக்கும் சூப் ஊற்றி வைத்திருக்கிறாள் அம்மா.

பேசும் படம் என்பதால் கதவுகளை இறுக அடைத்துவிட்டார்கள்.

2.14. முதல் டேக் முடிந்தது. காலி நாற்காலியின் தட்டைப் பார்த்தேன். சூப் ஒரு விரல் குறைந்திருந்தது.

செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் டோபினைக் கூப்பிட்டேன்.

"இதத் தொட்டியா?"

"நான் ஏம்மா தொடறேன்? அதை நாய்கூட நக்காது."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஊற்றினான்.

2.31. இரண்டாவது டேக். ஒலிப்பதிவாளர் எமெட் பாதியில் நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"யாரோ சூப் உறிஞ்சறாங்க. காதுல நல்லாக் கேக்குது."

நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் காட்சியில் யாருமே சாப்பிடுவதில்லை.

தட்டு மறுபடி குறைந்திருந்தது. இயக்குநர் கார்மடி என் பக்கம் திரும்பினார்.

"மிஸ் ஹாஸ்கெட், அதப் பாத்துக்கத்தான உங்களுக்குச் சம்பளம்?"

மூன்றாவது டேக். நான் கண்ணை எடுக்கவில்லை.

2.47... சூப்பில் ஒரு சின்ன வளையம்.

ஸ்பூன் அசையவில்லை. சூப் மட்டும் இறங்கியது.

பக்கத்தில் ரொட்டி... ஒரு கடி. பல் பதிந்திருந்தது.

சளப்... சளப்...

இப்போது எனக்கும் கேட்டது.

வேகமாக.

மூச்சு விடாமல்.

அம்மாவாக நடித்த மிஸஸ் லோரிமரின் முகம் வெளுத்துவிட்டது. காட்சியில் இல்லாத ஒன்றைச் செய்தார். கரண்டியால் சூப்பை அள்ளி, அந்தத் தட்டில் ஊற்றினார்.

"மெதுவா சாப்பிடுப்பா..."

சத்தம் நின்றது.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அந்த மேஜையைத் தூக்கிவிட்டு வேறு மேஜை போட்டார்கள். ஒரே டேக்கில் காட்சி முடிந்தது. என் வேலையும் தப்பியது.

மூன்று வாரம் கழித்து டோபின் என்னிடம் வந்தான். அந்தப் பழைய மேஜையை ஸ்டூடியோவுக்கு விற்ற ஏலக்காரரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

அது ஒரு டின் உணவுத் தொழிற்சாலை முதலாளியின் வீட்டு மேஜையாம். போரில் ராணுவத்துக்கு இறைச்சி டின் அனுப்பிச் சம்பாதித்த குடும்பம். மூத்த மகன் சிப்பாய். பிரான்சில் ஒரு காட்டில் அவன் குழுவை எதிரிகள் எட்டு நாள் வளைத்து வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் மீட்கப் போனவர்கள் அவனைப் பிணமாகத்தான் பார்த்தார்கள்.

உடம்பில் ஒரு காயம்கூட இல்லை; வயிறு மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. சுற்றிலும் பதினொரு டின்கள், எல்லாம் திறந்தபடி. எல்லாவற்றிலும் அவன் அப்பாவின் பெயர்.

உள்ளே இருந்த இறைச்சி முழுக்க அழுகியிருந்ததாம்.