புதுசு எந்த பிரவுசரில் வேலை செய்கிறாள்?

என் அக்கா ஓர் ஆன்லைன் கடையில் வேலை செய்கிறாள். டிக்கெட் எடுக்க, விண்ணப்பம் போட, ரிசல்ட் பார்க்க என்று கம்ப்யூட்டர் இல்லாதவர்களும், இருந்தும் தொடப் பயப்படுகிறவர்களும் வருகிற சின்னக் கடை. இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், கழுத்து ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு ஃபேன். பல வருஷம் அந்தக் கடைக்கு அவள்தான் எல்லாம். போன மழைக்காலத்தில் முதலாளி இரண்டாவது மேஜைக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தார். அந்தப் பெண்ணின் பெயர் அக்கா வாயில் ஒருநாளும் வந்ததில்லை. 'புதுசு' என்றுதான் சொல்வாள்.

"இன்னிக்குப் புதுசு என்ன பண்ணா தெரியுமா?" செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

புதுசு பெரிதாக ஒன்றும் பண்ணியிருக்க மாட்டாள். அவள் மேஜையில் பக்கங்கள் சட்டென்று திறக்கும். அக்காவின் மேஜையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வரிசையில் நிற்கிறவர்கள் தரையைப் பார்த்தபடி ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்வார்கள். அக்காவுக்கு வயிறு எரியும்.

இந்த நேரம் பார்த்து முதலாளி கடையை முன்பக்கம் நீட்டிக் கண்ணாடி போட்டார். "முன்னாடி ஒரு மேஜை வரும். அதுல உட்கார்றவங்கதான் இனிமே கடைக்குப் பொறுப்பு. மாசக் கடைசியில சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"டேய், நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? எந்த பிரவுசர்டா நல்லது?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒரு வரியில் பதில் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கல்லூரி சொல்லிக்கொடுத்திருந்தது. "அது நீ என்ன வேலை பண்றேங்கறதைப் பொறுத்தது அக்கா. மெமரி எவ்வளவு, பாதுகாப்பு எப்படி..."

"செருப்புக் கடையில கேட்டாக்கூட ஒரு ஜோடியை எடுத்துக் கையில குடுப்பான். நீ காலைப் பத்திப் பாடம் நடத்தறே."

"புதுசு எதுல பண்றா?"

"உருண்டை" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிரவுசர்களை அவள் அவற்றின் ஐகானில் இருக்கும் படத்தை வைத்துத்தான் சொல்வாள். உருண்டை, நரி, அலை. அவள் ஆரம்பத்திலிருந்தே நரி.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், நரியில் இருந்ததை எல்லாம் உருண்டைக்கு மாற்றி, அவள் பெயரில் ஒரு கணக்கும் தொடங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கில் நுழைந்தாலும் அவளுடையது எல்லாம் அங்கே வந்துவிடும். அப்போதுதான் அவளுடைய புக்மார்க்குகளைப் பார்த்தேன். 'என் ஆளுங்க' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் எல்லாம் மனிதர்கள். மீசை சார். இரட்டைப் பிள்ளை அம்மா. கத்தறவர். யார் எதற்காக வருவார்களோ, அந்தப் பக்கம் அவர்கள் பெயரில். மீசை சார் படியேறும்போதே அவருடைய பென்ஷன் பக்கம் திறந்து நிற்கும். அவளுடைய சாமர்த்தியம் இதுதான். வேகம் குறையக் காரணமும் எனக்குத் தெரிந்தது. மூடாத டேப்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"இதையெல்லாம் மூடு அக்கா. பிரவுசர் மேல தப்பில்லை."

"திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்கடா. மூடினா அவங்க மூஞ்சியில கதவைச் சாத்தற மாதிரி இருக்கு."

மூடவில்லை. உருண்டையிலும் வட்டம் சுற்றியது. புதுசின் உருண்டைக்குள் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். என்னோடு படித்தவர்கள் வேலை கிடைத்ததும் போடுகிற படங்களை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அதனால் இவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் என் பயோடேட்டாவைப் பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போனேன். உள்ளே புதுசின் குரல் கேட்டது. "அக்கா, யாரு இந்தக் கத்தறவர்? என் மேஜைக்கு எப்படி வந்தார்?"

விஷயம் இதுதான். புதுசு சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அக்கா அவள் மேஜையில் உட்கார்ந்து, வேகத்தைச் சோதிக்கத் தன் கணக்கில் நுழைந்திருக்கிறாள். அவள் திரும்பிவரும் சத்தம் கேட்டு, வெளியேறாமல் எழுந்துவிட்டாள். 'என் ஆளுங்க' மொத்தமும் எதிரியின் வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

"அழி" என்றாள் அக்கா.

"இப்ப அழிச்சா உங்க மேஜையிலயும் போயிடும் அக்கா."

"இங்க அழிச்சா அங்க எப்படிப் போகும்? அமுக்கி வச்சுக்கலாம்னு பாக்கறியா?"

"உங்க தம்பியைக் கேளுங்க."

"ஆமா அக்கா, முதல்ல சைன் அவுட் பண்ணிட்டு..." என்று நான் ஆரம்பித்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் அவ பக்கமா?"

குனிந்து மவுஸைப் பிடுங்கி ஃபோல்டரை அழித்தாள். அதே வேகத்தில் அங்கே திறந்திருந்த பக்கங்கள் எல்லாவற்றையும் மூடினாள். பிறகு தன் மேஜைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அவள் ஆளுங்க யாரும் இல்லை.

வாசலில் மீசை சார் செருமினார். அவருக்குப் பின்னாலேயே முதலாளி. அக்கா திரையையே வெறித்தபடி நிற்பதைக் கண்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார் முதலாளி.

"என் கை பட்டு அக்காவோடது எல்லாம் அழிஞ்சிடுச்சு சார்" என்றாள் புதுசு.

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

மாசக் கடைசியில் முன் மேஜை அக்காவுக்கு வந்தது. வீட்டில் யாரும் அதைக் கொண்டாட அவள் விடவில்லை.

"அவ எதுக்குடா பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"என்னைக் காப்பாத்த அவ யாரு?" தட்டைத் தள்ளினாள். "நல்லவங்கற பேரையும் அவளே தூக்கிட்டுப் போயிட்டா, பாத்தியா!"

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இதே பேச்சுதான். வாரக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் சீக்கிரமே வந்தாள். புதுசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் முகம் கழுவினாள். நான்தான் கேட்டேன்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அழிச்சது நான்தான்னு."

"எதுக்கு அக்கா?"

"பின்ன? வாழ்நாள் பூரா அவ போட்ட சீட்டுலயா உட்காரச் சொல்றே?"

பொறாமை எங்கே முடிந்தது, நேர்மை எங்கே ஆரம்பித்தது என்று என்னால் கோடு போட முடியவில்லை. "அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார்? நாளையிலேருந்து முன் மேஜை புதுசுக்கு." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துண்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கேட்டதும் அவ பொலபொலன்னு அழுதுட்டாடா. நான் அழல."