கடலிலிருந்து பார்த்த குடா

மேசையில் நான் விரித்து வைத்த வரைபடத்தை மாமா முதல் வேலையாகத் தலைகீழாகத் திருப்பினார். நான் நேராக வைத்தேன். அவர் மறுபடியும் திருப்பினார். "பிள்ளை, கடலை மேல வச்சா நான் எப்பிடி ஊருக்குள்ள வாறது?" என்று கேட்டார். கனடாவில், மார்க்கம் நகரில் வேலை முடித்து ஸ்காபரோ வீட்டுக்கு வந்து சேர்ந்த களைப்பில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மாமா அம்மாவின் தம்பி. என் அப்பார்ட்மென்ட்டில் தங்கி அகதி விசாரணைக்குக் காத்திருந்தார். ஊர்ப் பத்திரங்கள் எல்லாம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதால், வரைபடத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். பிறந்து வளர்ந்த குடாவை ஒரு மனிதர் தலை நரைத்தபின் கடதாசியில் பாடமாக்க வேண்டிவந்தது.

கொட்டியாரக் குடா திருகோணமலைக்குத் தெற்கே இருக்கிறது. மலைநாட்டில் பெய்கிற மழை மகாவலி கங்கையாக இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, வயலும் சதுப்பும் கண்டல் காடுமாகப் பரந்து அங்கே கடலைச் சேர்கிறது. நடுக்குடாவில் நங்கூரத்துக்கு அடி எட்டாது. ஆற்றுவாயிலோ இடுப்பளவு சேறுதான். மாரியில் கங்கை பெருகினால் செம்மண் தண்ணீர் நீலத்துக்குள் வெகுதூரம் போகும், மரங்களையும் இழுத்துக்கொண்டு. ஒருமுறை செத்த யானை ஒன்று மிதந்து வந்து வலையில் மாட்டியதாம். அந்த வலை கிழிந்த கோபம் மாமாவுக்குக் கனடா வந்தும் ஆறவில்லை.

மணல்திட்டுகள் ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாறும். ஆகவே அங்கே மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் படகிலிருந்து கரையைப் பார்த்துத்தான் இடம் சொல்வார்கள். வலக்கைப் பக்கம் ஆற்றுவாயும் கிண்ணியாவும். இடக்கைப் பக்கம் மூதூர், அதற்கப்பால் மாமாவின் ஊர். வடக்கை மேலே வைத்த வரைபடத்தில் எல்லாம் கைமாறிவிடும். ஆற்றுவாய் இடப்பக்கம் போய்விடும், ஊர் வலப்பக்கம் வந்துவிடும். இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது. பிளாசாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, ஈரம் காயாத விரலால் ஊரைத் தொட்டுக் காட்டுவார். "இப்ப சரியே பிள்ளை?" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஊர்க் கரையில் வைத்து அவருடைய ஒரே மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொண்டுபோனவர்களின் முகத்தைப் பார்த்தவர் மாமா ஒருவர்தான். அந்த முகங்கள்தான் பிறகு அவரையும் தேடின. மாமியும் மகளும் உறவினர் வீட்டில் மறைந்திருந்தார்கள். இங்கே ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் மாமா திரும்பிப் போகவேண்டும். போனால் என்ன நடக்கும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

விசாரணையில் துணைக்கு என்னை உள்ளே இருக்க விட்டார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். மகனைப் பற்றிக் கேட்டபோது மாமா அழுதார், ஆனால் தடுமாறவில்லை. பிறகு அதிகாரி வரைபடத்தை நீட்டாமலே, சும்மா பேச்சுவாக்கில், ஆற்றுவாய்க்கு எந்தப் பக்கம் உங்கள் ஊர் என்று கேட்டார். மாமா ஒரு கணம் தன் படகில் ஏறிவிட்டார். "இடக்கைப் பக்கம்" என்றார். சொன்ன கையோடு என் முகத்தைப் பார்த்தார். மேசை ஞாபகம் வந்துவிட்டது. "இல்லை, வலக்கைப் பக்கம்" என்றார். எது சரி என்று அதிகாரி கேட்டார். "ரெண்டும் சரிதான் ஐயா" என்றார் மாமா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கதை சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமா சொன்ன சொல் கேட்கிறவர். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

தன் ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாதவர் அந்த ஊரில் வாழ்ந்ததாக நம்ப முடியவில்லை என்று தீர்ப்பு வந்தது. ஊரை நம்பாததால் மகனையும் நம்பவில்லை. மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் விளக்கி எழுதினோம். பிறகு யோசித்துச் சொன்ன சமாளிப்பு என்று அதையும் தள்ளினார்கள். வேறு வழக்கறிஞரைத் தேடி ஓடினேன். கோயில், சங்கம், அரசியல்வாதியின் அலுவலகம் என்று கண்ட கதவையெல்லாம் தட்டினேன். மாமா சாப்பாட்டை விட்டுவிட்டார். ஒருநாள் மட்டும், "அந்த ஐயாவை ஒருக்காப் படகில ஏத்திக் காட்டேலுமெண்டா" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மீது, அந்தக் கடதாசிமீது, வடக்கை மேலே வைத்த யாரோ ஒருவர்மீது இன்னும் கோபம் இருக்கிறது. கோபத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் தெரிகிறது.

கடைசியில் மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் இறங்கிய மறுநாள் அழைத்தார். "எயாப்போட்டில மறிச்சு விசாரிச்சவங்கள் பிள்ளை. மேப் ஒண்டும் காட்டேல்ல. நான் வாய் திறக்க முன்னமே ஊரைச் சொன்னாங்கள், வீட்டைச் சொன்னாங்கள், மகன்ர பேரையும் சொன்னாங்கள்." பிறகு, "நான் அந்த ஊர்க்காரன்தான் எண்டு இவங்கள் நம்பிறாங்கள்" என்றார்.

அன்று பின்னேரம் ஊருக்குப் பஸ் ஏறுவதாகச் சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் மாமியும் மகளும் மறைந்திருந்த வீட்டை விட்டு வந்து, மூதூரில் கடைசி பஸ் வரும்வரை நின்றார்கள். அதிலும் அவர் வரவில்லை. மாமி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அழைத்து, கனடாவில் ஏதும் தெரியவந்ததா என்று கேட்கிறார்.