பதினோரு மஞ்சள் முடிச்சு

சாமிகளுக்கு நான் பதினோரு ரூபாய் கடன்பட்டிருந்தேன். சின்னத் தொகைதான். ஆனால் வாழ்க்கையில் யாருக்கும் ஒரு தவணைகூடத் தப்பவிடாதவன் நான் என்பதால், இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு ரூபாயும் மூன்று வருடம் என் வீட்டு கேட்டுக்குள் இருந்தது. அங்கே எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமானால், என் வீட்டுக்காரி ஆனந்தவள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் பிச்சமுத்து. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. பதினாலு வயதில் மாற்று லுங்கிகூட இல்லாமல் துறையூரில் பஸ் ஏறி வந்தவன். இன்று திருவானைக்காவலில் சொந்தப் பட்டறை, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் சொந்த வீடு. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். ஸ்ரீரங்கத்தில் பாதி வீட்டு கேட் நான் செய்தது. மீதிப் பாதி சரியாக மூடாது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ஆனந்தவள்ளி திருவெள்ளறைக்காரி. எட்டாவது வரை படித்தவள். என்னைவிட ஐந்து வகுப்பு கூடுதல் என்பதை நாற்பத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கும்பிடுவதைப் பார்த்தால் கும்பிடுகிற மாதிரி இருக்காது. ரேஷன் கடையில் போய் ஏன் இன்னும் சர்க்கரை போடவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை வயலூரில் வரிசை நகர்ந்து முருகன் முன்னால் வந்ததும் ஆரம்பித்தாள்.

"முருகா, தை மாசமே சொல்லிட்டுப் போனேன். இப்ப பங்குனி. உனக்கு என்ன வேலையோ எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாக்கிழமை திரும்ப வருவேன்."

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இந்தா, இவருக்கும் ஏதோ வேணுமாம், என்னன்னு கேட்டுக்க" என்றாள். அந்த மனிதர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கையைக் கூப்பினார்.

"கொஞ்சம் மெதுவாக் கேக்கக் கூடாதா?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"பயம் இல்லாதப்ப மெதுவாக் கேக்கலாங்க. பயமா இருந்தா சத்தமாத்தான் கேக்கணும்."

எனக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. நான் எதற்கும் பயந்ததில்லை. அவள்தான் எனக்கும் சேர்த்துப் பயப்படுவாள். பயம் வந்ததும் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து, இன்ன சாமிக்கு என்று வேண்டிக்கொண்டு, பூஜை அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவாள். காரியம் நல்லபடி முடிந்ததும் முடிச்சைக் கொண்டுபோய் அந்தக் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். காரியமெல்லாம் முடிந்துகொண்டேதான் இருந்தது. கோயிலுக்குப் போகத்தான் நேரமில்லை. "வர்ற வாரம் போலாம்" என்று நான் சொல்வேன். எனக்குப் பட்டறை. டின்னில் பதினோரு முடிச்சு சேர்ந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்கே ஒரு கேட் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம். நல்ல நேரம் பத்தரை வரை. கீல் தகடு தூணோடு படியவில்லை, நூலளவு இடைவெளி. கீழே முட்டுக் கொடுக்கச் சின்னச் சின்னத் தகடு வேண்டும். பட்டறை சாவி கொண்டுவரவில்லை, கடையெல்லாம் அடைப்பு. வள்ளி மாவு மில்லுக்குப் போயிருந்தாள். மணி பத்து இருபது. சாமி காசு என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பத்தரை ஆகப்போகிறது என்பதும் தெரியும்.

டின்னில் இருந்த முடிச்சுகளை அவிழ்த்தேன். மேல் கீலுக்கு ஐந்து காசு, கீழ்க் கீலுக்கு ஆறு. வைத்து வெல்டிங் அடித்தேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு விரலால் தள்ளினால் மூடும். அப்படி ஒரு கேட் இந்தத் திருச்சி ஜில்லாவில் கிடையாது. டின்னை ஆட்டினால் சத்தம் வர வேண்டுமே என்று, துணி ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டையை வைத்து முடிந்து பழையபடி வைத்துவிட்டேன்.

போன ஆடியில் வந்தது வினை. டேப்பில் எட்டு எனக்கு மூன்றாகத் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டு கேட்டை ஐந்து அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன். அந்த வீட்டுக் கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. கண் டாக்டர் பார்த்தார். புரை முற்றிவிட்டது, கால் மணி நேர வேலை, செய்யாவிட்டால் பட்டறையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

"ஊசி உண்டுங்களா?" என்றேன்.

"கண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு போடுவோம்."

எனக்குப் பயமில்லை. வேலை இருந்தது. டாக்டர் குறித்துக் கொடுத்த முதல் தேதியில் துறையூரில் ஒரு கல்யாணம். இரண்டாம் தேதியில் எனக்குத் தும்மல். மூன்றாம் தேதியில் ஆஸ்பத்திரி வாசல் வரை போய், அவர்கள் கிரில்லில் வெல்டிங் சரியில்லை என்று பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நாலாவது தடவையாகத் தேதி குறித்த அன்று வள்ளி பன்னிரண்டாவது முடிச்சுப் போட டின்னைத் திறந்தாள். உள்ளே ஒரே பழுப்புப் பொடி. புளியங்கொட்டையை அரித்து வண்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னங்க, காசு புளியங்கொட்டையா மாறுமா?"

சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், வாசலுக்குப் போய்க் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீலைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"சமயபுரத்துக்கு நாலு. அதுல ஒண்ணு, நீங்க மொத தடவை பிளைட்டு ஏறினப்ப. என் கையைப் புடிச்சு நசுக்குனீங்களே."

"அன்னிக்குக் குளிரு."

"ரன்வேயில நிக்கும்போதேவா? வெக்காளிக்கு ரெண்டு, உங்க மஞ்சக்காமாலைக்கு. வயலூருக்கு ரெண்டு, பேங்குல நோட்டீஸ் வருமோன்னு நீங்க தூங்காம கெடந்தப்ப. பெருமாளுக்கு ரெண்டு, உச்சிப்பிள்ளையாருக்கு ஒண்ணு. பதினொண்ணும் உங்களுக்குத்தான்."

அத்தனை சாமியும் சேர்ந்து பாக்கியை வசூலிக்க என் கண்ணுக்கு வரப்போகிறார்கள். "வள்ளி, இந்தத் தடவையும் வேணாம். கடனை அடைச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஒரு ரூபாய்க்குக் கண்ணைப் புடுங்க சமயபுரத்தா என்ன வட்டிக் கடையா வச்சிருக்கா? பதினோரு தடவை பாக்கியோடதானே காப்பாத்தியிருக்கா. பயமா இருக்குன்னு நீங்களே அவகிட்டச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். சாமிகிட்ட உங்களுக்கு என்ன ரோசம்?"

பச்சை அங்கியும் தலைக்குப் பிளாஸ்டிக் குல்லாவும் மாட்டி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணுக்கு மேல் பிளாஸ்திரி அடையாளம். எனக்குப் பக்கத்தில் பாலக்கரை நஸ்ருல்லா பாய். நர்ஸ் ஃபெமினா சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்தது. கதவு திறந்து முதல் ஆளைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கால் இரண்டும் தனியாக ஆடின.

வாயைத் திறந்தேன். நாற்பது வருடம் கிரைண்டர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை எனக்கு. மெதுவாகப் பேசுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

"தாயே, நான் பிச்சமுத்து பேசறேன். ஸ்ரீரங்கம் மேலூர் ரோடு, பச்சை கேட்டு வீடு. உங்க எல்லாருக்கும் நான் பதினோரு ரூபா தரணும். ஓடிப்போகமாட்டேன், காசு கேட்டுலதான் இருக்கு."

ஃபெமினா ஓடி வந்தது. "ஐயா, உள்ள டாக்டருக்குக் கேக்குது. கொஞ்சம் மெதுவா."

"மெதுவாக் கேக்கற விஷயம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தேன். "எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. பிளைட்டுலயும் பயமாத்தான் இருந்துச்சு, குளிரு இல்ல. இந்தக் கண்ணு எனக்கு வேணும். குடுத்துத்தான் ஆகணும்."

நஸ்ருல்லா பாய் என் பக்கம் சாய்ந்தார். "நான் மனசுக்குள்ள துஆ ஓதிட்டு இருந்தேன். உங்க சத்தத்துல எங்க விட்டேன்னே தெரியல."

"மன்னிச்சிருங்க பாய்."

"அட, பேசுங்க. ஆரம்பத்துலேருந்து ஓதிக்கறேன். உங்களுக்கும் சேத்துக் கேக்கறேன்."

"தாயே, பாயோட வலது கண்ணையும் பாத்துக்க" என்றேன்.

"இடது" என்றார் பாய்.

"இடது" என்று திருத்தினேன்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கூடவேதான் உள்ளே வந்தது. ஆனால் கால் ஆடவில்லை. எழுந்து நானே நடந்து போய்ப் படுத்தேன். ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது. பெரிய எறும்பு. கால் மணி நேரம் என்றார்கள், பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. நல்ல கண், டாக்டருக்கு வேலை வைக்கவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் வள்ளியைப் பார்த்தேன். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றேன்.

"பதினோரு தடவையில" என்றாள்.

ஒரு மாதம் தலைக்குக் குளிக்கக் கூடாது, வெல்டிங் வெளிச்சம் பார்க்கக் கூடாது. இருந்தேன். முப்பத்தொன்றாம் நாள் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டரை எடுத்தேன். என் கையால் செய்ததிலேயே நல்ல கேட்டை என் கையாலேயே அறுத்தேன். இரண்டு கீலையும் பிரித்துக் காசுகளை நெம்பி எடுத்தேன். ஓரமெல்லாம் கருகியிருந்தது, ஆனால் பதினொன்றும் இருந்தது. இப்போது அந்த கேட் சாய்ந்துதான் நிற்கிறது. மூட வேண்டுமானால் தோளால் முட்ட வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன். ஊரில் பிச்சமுத்து வீட்டு கேட்டே மூடாது என்று பேசுகிறார்கள், பேசட்டும்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் சமயபுரம், அப்புறம் வரிசையாக எல்லாம். பட்டறைக்கு அன்று லீவு. வள்ளி புதுத் துணிகளை மஞ்சளில் நனைத்து வைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். பதினொன்று வந்தது. கண்ணுக்காகச் சட்டைப் பையிலிருந்து புதுக் காசு ஒன்று எடுத்து, "பன்னண்டு" என்றேன். அவள் கையை மூடப்போனாள்.

"இரு" என்று சொல்லி இன்னொன்றையும் வைத்தேன்.

"இது யாருக்குங்க?"

"பாயோட இடது கண்ணுக்கு. பதிமூணு."