கொடுத்தவர்களுக்கும் ஒரு ஃபைல்

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த சூப்பர்வைசர்கூட, "அக்கா, ரெண்டாவது ரோலர் நிக்குது, கொஞ்சம் பாருங்க" என்றுதான் கூப்பிடுவார். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஆவியில் கொதிக்கும் பெரிய உருளைக்குள் விட்டு, மறுபக்கம் மொடமொடவென்று எடுத்து மடித்து அனுப்புகிற இடம் அது. உருளைக்கு முன்னால் நிற்பவளுக்கு இரண்டு கையும் ஒரே சீராக ஓட வேண்டும். கொஞ்சம் கோணினால் போதும், விரிப்பு உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். அக்கா விட்டால் சுருளாது. பதினாறு வருடக் கை அது.

கூடப் பிறந்த முறையில் அவளை அக்கா என்று கூப்பிட ஒரே ஒருவன்தான் இருந்தான். தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பத்தாறு வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், மீதி நாள் அதன் களைப்பு என்று ஆள் பாதியாகிப் போனான். அக்காவுடையது பொருந்தும் என்று டாக்டர் சொன்ன நிமிடமே அவள் தலையை ஆட்டிவிட்டாள். முரண்டு பிடித்தது தம்பிதான்.

"வேணாம்க்கா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாமாவப் பாப்பேன்?"

"இப்ப இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டே பாரு. மாமா பெயின்ட் அடிக்கிறவரு. செவுத்தப் பாக்கவே அவருக்கு நேரம் பத்தல, உன் மூஞ்சியவா பாக்கப் போறாரு?"

மாமா என்கிற அவள் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சிரிப்பதா கலங்குவதா என்று தெரியாமல் எழுந்து போய் டீ வாங்கிவந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தம்பிக்குத் தனி அறை, கொதித்து ஆறிய தண்ணீர், வேளை தவறாத மாத்திரை, முகக்கவசத்தோடு வாசலில் நின்றே நலம் விசாரித்துப்போகும் சொந்தக்காரர்கள். அதில் தப்பொன்றும் இல்லை, பிழைத்து வந்தவன் அவன். அக்கா பத்தாவது நாள் தன் வீட்டு அடுப்படியில் நின்றாள். மூன்றாவது மாதம் உருளைக்கு முன்னால் நின்றாள். முதல் வருடம் மருத்துவமனையில் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. தம்பியை மட்டும் மாதம் தவறாமல் பரிசோதனைக்கு விரட்டினாள்.

இப்படியே ஐந்து வருடம் ஓடிப்போயிற்று. ஐந்தாம் வருடக் கோடையில் அவளுக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் நின்று விரிப்பை எடுக்கிற பெண், "ஒண்ணு போட்டுப் பாருங்கக்கா, பறந்துரும்" என்று ஒரு வலி மாத்திரையைக் கொடுத்தாள். வலி பறந்துதான் போனது. மறுநாள் திரும்பி வந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மூன்று மாதம் மாத்திரையிலேயே வேலை ஓடியது. தண்ணீரும் அவ்வளவாகக் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருந்தது, உருளை யாருக்காகவும் நிற்காது.

ஒரு புதன்கிழமை தம்பிக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அவனை ரத்தம் எடுக்க அழைத்துப் போய்விட்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸ் கொஞ்சம் ஓய்வாக இருந்தார். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, கைய நீட்டுங்க" என்று கூப்பிட்டார். பட்டையைச் சுற்றி அமுக்கினார். எண்ணைப் பார்த்தவர் மறுபடி அமுக்கினார்.

"நூத்தி அறுபத்தாறு இருக்கு. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

"எதுக்கு சிஸ்டர்? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"நீங்க தம்பிக்குக் குடுத்தவங்கதானே? கடைசியா எப்ப செக்கப் வந்தீங்க?"

அக்கா விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். எண்ணி முடிப்பதற்குள் நர்ஸ் எழுந்து அவளுடைய ஃபைலைத் தேடப் போய்விட்டார். தம்பியுடைய ஃபைல் தலையணை கனத்துக்கு மேசைமேல் இருந்தது. அக்காவுடையது ஒரு வருடத்தோடு முடித்துக் கட்டி, எங்கோ பழைய ஃபைல்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் கிடந்தது.

அன்றே ரத்தமும் சிறுநீரும் கொடுத்தாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ஒன்றையொட்டி இருக்க வேண்டியது, ஒன்று புள்ளி ஏழுக்கு ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் வேறு போயிருந்தது. டாக்டரம்மா பூசி மெழுகவில்லை.

"குடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க கடைசிவரைக்கும் நல்லாத்தான் இருக்காங்க. நீங்களும் இருக்கலாம். ஆனா வருஷம் ஒரு தடவையாவது பாத்துக்கணும். பிரஷர் உங்களுக்கு எப்ப ஏறுச்சுன்னே தெரியல. அதுக்கு மேல நீங்க சொன்ன இந்த வலி மாத்திரை. ரெண்டு இருக்கிறவங்களுக்கே அது ஆகாது."

"இப்ப என்ன பண்ணணும் டாக்டர்?"

"வலி மாத்திரைய இன்னியோட நிறுத்தணும். பிரஷருக்குத் தினமும் ஒண்ணு. தண்ணி ஒழுங்கா குடிக்கணும். உப்பக் குறைக்கணும். ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்."

அறைக்கு வெளியே வந்ததும் தம்பி உடைந்துபோனான். முகக்கவசம் நனைகிற அளவுக்கு அழுதான். "என்னாலதான்க்கா, என்னாலதான்."

"உன்னால இல்லடா. என்னைப் பாக்காம விட்டதால. உன்னைப் பாத்தாங்க, நானும் உன்னைத்தான் பாத்தேன். அழுதது போதும், மூஞ்சியத் தொடச்சுக்க. வேலை இருக்கு."

வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது மெல்லக் கேட்டார். "குடுத்தது தப்போன்னு தோணுதா உனக்கு?"

"அது தோணல. இன்னொரு தடவை கேட்டாலும் குடுப்பேன். ஆனா இருக்கிறது ஒண்ணுதான், அதைக் குடுக்க முடியாது." அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "பயமா இருக்குங்க. அது மட்டும் இருக்கு."

அவர் எழுந்து உப்புக் கிண்ணத்தைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அன்றிலிருந்து அவரும் உப்புக் குறைத்தே சாப்பிட்டார்.

மறுநாள் டாக்டரின் கடிதத்தோடு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். அவர் நல்லவர்தான். நல்லவராக இருந்ததுதான் வம்பாகிவிட்டது.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்தச் சூடு? ஸ்டோர் ரூம்ல உக்காந்து சோப்புத் தூள், நீலம் எல்லாம் எடுத்துக் குடுங்க. நிம்மதியா இருக்கலாம்."

"எனக்கு நிம்மதி வேணாம் சார், தண்ணி வேணும். ரோலர்கிட்ட ஒரு தண்ணிக் கேன் வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தி விடுங்க. நான் மடிக்கிற இடத்துக்குப் போறேன், மடிக்கிறவ இங்க வரட்டும்."

"ஒருத்தருக்காக எப்படிக்கா எல்லாரையும் மாத்தறது?"

அக்கா திரும்பி வந்து மதிய இடைவேளையில் தன் வரிசையில் இருந்த பத்துப் பெண்களையும் உட்காரவைத்துப் பேசினாள். தண்ணீரை அடக்கி, சிறுநீரை அடக்கி, நீர்க்கடுப்போடு நின்று வேலை பார்ப்பவர்கள் அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இருந்தார்கள். இத்தனை வருடம் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதில்லை. மறுநாள் பதினோரு பேரும் சேர்ந்து போனார்கள். ஒற்றைக் கிட்னியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாளே என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் அந்த வாரமே தண்ணீர்க் கேன் வந்தது. ஆள் மாற்றுவதற்கு இன்னும் மூன்று வாரம் இழுபறி நடந்தது, பிறகு அதுவும் வந்தது. மாற்றி நின்றதில் விரிப்புகள் சுருள்வது குறைந்ததே தவிரக் கூடவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கிரியேட்டினின் ஒன்று புள்ளி நாலுக்கு இறங்கியது. ஆறாம் மாதம் ஒன்று புள்ளி மூன்றில் நின்றது. "இதுக்குக் கீழ இனி இறங்காது. இதையே விடாம காப்பாத்திக்கணும்" என்றார் டாக்டரம்மா. அக்கா அந்த எண்ணைக் காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்தாள்.

ஆனால் அவள் மனதில் இன்னொன்று குடைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அந்த நர்ஸ் ஓய்வாக இல்லாமல் இருந்திருந்தால்? தன்னைப்போலக் கொடுத்துவிட்டு எத்தனை பேர் வலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்? நர்ஸிடம் பட்டியல் கேட்டாள். வெளியாளுக்குத் தரக்கூடாது என்றார், அதுவும் நியாயம்தான். அப்படியானால் நேராகவே கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். புதன்கிழமை விடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் தம்பியோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பாள்.

"உங்களுக்குக் குடுத்தது யாருங்க?"

"என் வீட்டுக்காரிதான்."

"எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருப்பா."

"இருப்பாங்களா, இருக்காங்களா?"

அந்த மனிதர் போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். அடுத்த வாரம் மனைவியைக் கையோடு கூட்டிவந்தார்.

தம்பி நோட்டில் எழுதிக்கொண்டே போனான். யாருக்கு, யார் கொடுத்தது, எந்த வருடம், கடைசியாகப் பார்த்தது எப்போது. கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாக இருந்தது. நாலு மாதத்தில் இருபத்திமூன்று பேர் சேர்ந்தார்கள். பெயர் எழுதியவர்கள் சம்மதத்தோடு நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். அவர் அதை மெதுவாகப் புரட்டினார். காலிப் பத்தியில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"இத நாங்க செஞ்சிருக்கணும்மா" என்றார்.

மாதத்தின் முதல் புதன் காலை, கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. முதல் தடவை பதினேழு பேர் வந்தார்கள். பதினான்கு பேருக்கு ஒரு குறையும் இல்லை. வீணாக வந்தோமோ என்று ஒருவர் முனகியதற்கு, "வீணாப் போகணும்னுதான் வர்றோம்" என்றாள் அக்கா. இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அண்ணனுக்குக் கொடுத்த ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மூவருக்கும் அன்றே மருந்து எழுதினார்கள், மூவருக்கும் புது ஃபைல் போட்டார்கள்.

இரண்டாம், மூன்றாம் மாதங்களில் மற்றவர்களும் வந்தார்கள், ஒருவரைத் தவிர. மகளுக்குக் கொடுத்த தச்சர் அவர். மகள் அழைத்துப் பார்த்துவிட்டாள், அசையவில்லை. நாலாம் மாதத்தின் முதல் புதன்கிழமை அதிகாலை அக்காவும் தம்பியும் பஸ் ஏறி அவர் பட்டறைக்கே போனார்கள். அவர் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன். போனா எதையாவது சொல்லிப் படுக்கவச்சுருவாங்க. நான் படுத்துட்டா என் பொண்ணு, என்னாலதான்னு உருகிப் போயிருவா."

தம்பி முன்னால் வந்தான். "ஐயா, நான் வாங்கிக்கிட்டவன். சொல்லாம விட்டாத்தான் உருகிப் போயிருவோம்."

தச்சர் இழைப்புளியை நிறுத்தினார். தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"சாப்பிட்டுட்டு வரலாமா, வெறும் வயித்துலயா?"

"வெறும் வயிறுதான்" என்றாள் அக்கா. "கிளம்புங்க, எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சுரலாம்."