ஞானம் சிஸ்டரின் முழுமூஞ்சி ஹெல்மெட்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் சாகுல் போனில் கூப்பிட்டான். “லே காசி, ஞானம் சிஸ்டர் போயிட்டாவளாம். நாகர்கோவில்ல தங்கச்சி வீட்டுல வச்சு. நேத்து சாயங்காலம் அடக்கமும் முடிஞ்சிட்டுதாம்” என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தென்காசியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் போயிருப்போம். அத்தனை பேர் முகத்திலும் அவர் போட்ட தையல் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் சைக்கிள் பந்தயம் ஓட்டி விழுந்தவர்கள் அவரை மறந்திருக்க முடியாது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியில் பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் டிரஸ்ஸர், அதாவது புண் கழுவிக் கட்டுக் கட்டுகிறவன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். குட்டை உருவம், கட்டைக் குரல். வாய் திட்டி முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிடும். அவருடைய வீட்டுக்காரர் செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு முறையாவது சிஸ்டர் வீங்கிய முகத்தோடு டூட்டிக்கு வருவார். ஒரு மாதம் கண், ஒரு மாதம் உதடு, ஒரு மாதம் தாடை. அடிப்பது யார் என்று வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அடுத்த அடி எலும்பை உடைக்குமா என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குத்துக்கல்வலசையைத் தாண்டி ஒரு குளம் கோடையில் வற்றிக் கிடக்கும். சாகுலின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த புத்தகம் ஒன்றில், பி.எம்.எக்ஸ் என்ற சின்னச் சக்கர சைக்கிளில் வெள்ளைக்காரப் பையன்கள் மண்மேட்டிலிருந்து எழும்பிப் பறக்கிற படங்கள் இருந்தன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பெரிய சைக்கிள்களின் மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தோம். ஹேண்டில்பாரை உயர்த்தி வெல்டிங் வைத்தோம். குளத்துக்குள் மேடு கட்டி நாங்களும் பறந்தோம். இறங்கத்தான் எவனுக்கும் தெரியவில்லை. விதி என்று ஒன்றும் கிடையாது. முழங்கையால் இடிக்கலாம், பக்கத்துக்காரன் சக்கரத்தை மிதித்து உடைக்கலாம். முதலில் வருகிறவனைவிட, கடைசி வரைக்கும் சைக்கிள் மேல் இருக்கிறவனுக்குத்தான் மரியாதை.

முதல் வருடமே சாகுல் என்னை இடித்துத் தள்ளினான். கருங்கல்லில் மோவாய் பிளந்தது. நான் எழுந்து அவன் மூக்கை உடைத்தேன். இரண்டு பேரையும் ஒரே மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். வேலை பார்க்கிற இடத்திலேயே கிழிந்த முகத்தோடு போய்ப் படுப்பதைப் போல அவமானம் வேறில்லை. சிஸ்டர் ஊசியில் நூல் கோத்தபோதும் நான் சாகுலின் வம்சத்தை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். “வாய மூடுதியா, இல்ல அதையும் சேத்துத் தைக்கட்டா?” என்றார். சாகுல் சிரித்தான். நான் எழும்பி அவன் மேல் பாய்ந்தேன். சிஸ்டர் பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து இரண்டு பேர் தலையிலும் ஆளுக்கு ஒன்று போட்டார். தட்டு நெளிந்தது. அந்தத் தட்டைக் கடைசி வரைக்கும் மாற்றவிடவில்லை.

மறு வருடம் ஹெல்மெட் பேச்சு வந்தது. நான் தென்காசியிலேயே மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற, காது வரைக்கும் மூடுகிற அரை ஹெல்மெட் ஒன்று வாங்கியிருந்தேன். மண்டையைக் காப்பாற்றினால் போதும் என்பது என் கணக்கு. அன்று டிரெஸ்ஸிங் அறையில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் கட்டு மாற்ற வந்திருந்தார்கள். சிஸ்டர் எல்லோரையும் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்தார். ஊதா மருந்தில் பஞ்சை முக்கி, ஒவ்வொருவனுக்கும் பழைய காயம், புதிய காயம் எல்லாவற்றின் மேலும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். மோவாய், உதடு, மூக்கு, கன்னம், மறுபடியும் மோவாய். கடைசியில் என் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டி, “மண்டையில பொட்டு வாங்கினவன் எவன்லே இருக்கீய? எல்லாவனும் மூஞ்சியத்தான உடைச்சிட்டு வருதீய. மூஞ்சிய விட்டுட்டு மண்டைக்கு எதுக்குலே சட்டி?” என்றார். ஐந்து ஊதா மூஞ்சிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சாகுலின் மச்சான் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, முகம் முழுவதும் மூடி மோவாய்க்கு முன்னால் வளைவு வைத்த ஹெல்மெட் மூன்று கொண்டுவந்தார். எங்கள் பாஷையில் முழுமூஞ்சி. பந்தயம் பார்க்க ஒரு நாளும் வராத சிஸ்டர்தான் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். முதலாவது மோட்டார் சைக்கிளுக்குரியது, கனம். சாகுலை மாட்டச் சொல்லி, குனிந்து குனிந்து நிமிர வைத்தார். “பத்துத் தடவைக்கே களுத்து ஆடுது. மேட்டுல குதிச்சீன்னா களுத்து முறியும். வேண்டாம்.” இரண்டாவது வெள்ளை நிறம், கைக்கு லேசாக இருந்தது. மச்சான் தடுப்பதற்குள் அதைத் தரையில் வைத்து, மருந்து இடிக்கிற கல் உலக்கையால் ஓங்கி ஒரு போடு போட்டார். பப்பாளி மாதிரி இரண்டாகப் பிளந்தது. மச்சான் சண்டைக்கு வந்தார். “உள்ள ஓம் மச்சினன் மண்டை இருந்தா இப்பிடித்தான் கத்துவீயா, இல்ல வேற மாதிரியா?” என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

மூன்றாவது கறுப்பு. அதை உடைக்கவில்லை. “அடி வாங்கின தொப்பி செத்த தொப்பி. பாக்கதுக்கு நல்லா இருக்கும், அடுத்த அடிக்கு ஒதவாது” என்றார். சாகுலுக்கு மாட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருகினார். கன்னத்துத் தோலும் சேர்ந்து திரும்ப வேண்டுமாம். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிது. வாரை இறுக்கிவிட்டு, பின்பக்கம் கை கொடுத்து மேலே நெம்பினார். கழன்று வந்தால் உதவாது. முன் வளைவைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கிப் பல்லில் இடிக்கிறதா என்று கேட்டார். இரண்டு பக்கமும் விரலை நீட்டி, தலையைத் திருப்பாமல் தெரிகிறதா என்று கேட்டார். “இடிக்க வாரவன் பக்கத்துல இருந்துதாம்லே வருவான்.” எல்லாம் சரியாக இருந்தது.

கழற்றியவுடன், கொண்டையை அவிழ்த்துவிட்டு அதைத் தானே மாட்டிக்கொண்டார். கை கழுவுகிற தொட்டிக்கு மேல் தொங்கிய கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சாகுல், “சிஸ்டரும் பந்தயத்துக்கு வாரீயளா?” என்றான். “எனக்கு வீட்டுலயே பந்தயந்தாம்லே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த மாதம் அவருக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் குனிந்து, உடைந்த வெள்ளை ஹெல்மெட்டைப் பொறுக்கினேன்.

என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். சாகுலிடம் முழுமூஞ்சி இருக்கும்போது என்னிடம் இல்லையே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு. “என்னக் கேக்காம வாங்காத” என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் என்ன குழந்தையா? அந்த வருடம் சாரல் மழைக்காலம் முந்திவிட்டது. குளத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் ஒரு பந்தயம் வைத்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அன்று காலை குற்றாலம் போய், எங்கள் ஊர் வழக்கப்படி உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, ஐந்தருவியில் நின்றேன். அருவி எவ்வளவு அடித்தாலும் எண்ணெய் முழுவதும் போகாது. திரும்பும் வழியில் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு துபாய்க்காரர் சிவப்பு முழுமூஞ்சி ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வாங்கி மாட்டினேன். தலை எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எனக்கென்றே செய்தது என்று பூரித்துப்போனேன். வழுக்கிப் போவது வழுக்கித்தானே வரும்? அது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது மேட்டில் சாகுலை நான்தான் இடித்தேன். சக்கரங்கள் சிக்கி இரண்டு பேரும் எகிறினோம். அவன் கறுப்பு ஹெல்மெட்டோடு முகம் குப்புறக் கற்களில் விழுந்து, எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். என் ஹெல்மெட் நான் தரைக்கு வருமுன்பே கழன்று எனக்கு முன்னால் உருண்டது. தாடை இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஐந்து பல் குளத்திலேயே போயிற்று. ரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சு முட்டியபோது, சாகுல்தான் என்னைக் கவிழ்த்துப் போட்டு வாய்க்குள் விரலைவிட்டுப் பல்லை எடுத்தான். இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் என் தலைமயிருக்குள் விரலை விட்டுத் தடவி, அந்த விரலை என் கண்ணுக்கு முன் நீட்டினார். “எண்ணெயோடயா போட்டுப் பாத்த?” நான் கண்ணை மூடித் திறந்தேன். அறைவதற்குக் கையை ஓங்கினார். என் முகத்தில் அறைய இடமில்லை. திரும்பிப் பக்கத்தில் நின்ற சாகுலை அறைந்தார். “நான் என்ன செஞ்சேன் சிஸ்டர்?” என்றான் அவன். “நீ பாத்துக்கிட்டுத்தானலே இருந்த” என்றார். பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார்.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம். கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு, பேச்சில்லாமல் மூலையில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றுவதுதான் எனக்கு வேலை. ஒரு நாள் மத்தியானம், அறையில் வேறு யாரும் இல்லாதபோது, சிஸ்டர் எதிரே வந்து உட்கார்ந்தார். “ஓம் வாயத்தான் கம்பி போட்டுக் கட்டியாச்சே, ஒங்கிட்டச் சொன்னா என்ன?” என்று ஆரம்பித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து எட்டு வருடக் கதையையும் சொன்னார். “முதுகுல அடிச்சா நான் சேலையப் போத்திக்கிட்டு டூட்டிக்கு வந்திருவேன்லா. நாலு பேரு முன்னால வெக்கப்படணும்னுதான் மூஞ்சியிலயே அடிக்காரு. போன வாரம் கடவாய்ல ஒரு சத்தம் கேட்டுது காசி. எனக்குத் தெரியும் அது என்ன சத்தம்னு. இன்னும் ஒரு அடி, அவ்வளவுதான்.” பேண்டேஜ் என் கையிலிருந்து உருண்டு போனது. எடுத்துச் சுற்றிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சாகுலிடம் கறுப்பு ஹெல்மெட்டைக் கேட்டார். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தான். “குளத்துல அடி வாங்கினதுதான், இன்னொரு கல்லுக்குத் தாங்காது. கைக்குத் தாங்கும்” என்றார் என்னிடம். கொண்டைக்கு மேல் அது இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்தால் தேங்காய் எண்ணெயில் வழுக்கியது. “ஓம் தாடையில படிச்ச பாடம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் சீயக்காய் போட்டுத் தலை முழுகினார். இடுப்பு வரை கிடந்த முடியைக் கழுத்தோடு வெட்டினார். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை என்று ஊர் நினைத்துக்கொண்டது. டிரெஸ்ஸிங் அறைக் கண்ணாடி முன்னால் மாட்டி, தானே திருகிப் பார்த்தார். பின்பக்கம் நெம்பிப் பார்க்கச் சொல்லி என் முன்னால் குனிந்தார். நான் நெம்பினேன். அசையவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை. வெளிநோயாளிகள் நிறைந்திருந்த நேரத்தில், அவருடைய வீட்டுக்காரர் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று விரல் ஒடிந்து, புறங்கை வீங்கியிருந்தது. மற்ற நர்ஸ்கள் ஒதுங்கினார்கள். சிஸ்டர்தான் உட்காரவைத்தார்.

“எப்பிடி ஆச்சு?” என்று எல்லோரிடமும் கேட்கிற குரலில் கேட்டார்.

“வாசல்ல தட்டிட்டுது.”

“நெசத்தச் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “ஹெல்மெட்டுல” என்றார்.

“யாரு தலையில இருந்த ஹெல்மெட்டு?”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் மூன்று விரலும் அசையாதபடி சிம்பு வைத்து, அவ்வளவு சுத்தமாகக் கட்டினார். நானாக இருந்தால் இறுக்கியிருப்பேன். முடித்துவிட்டு, “இன்னொரு கை இருக்குன்னு நெனைச்சிராதீய. அந்தத் தொப்பி செத்துப்போச்சு, வேற வாங்கியாச்சு” என்றார்.

அன்றோடு எல்லாம் முடிந்தது என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் முகம் வீங்கி வந்து நான் பார்க்கவில்லை. வருடக் கடைசியில் அந்த ஆள் புனலூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போனார், திரும்பி வரவில்லை. என் கம்பியை அறுத்த அன்று சிஸ்டர் பக்கத்தில் நின்று, “பேசுலே, பாப்போம்” என்றார். ஆறு வாரம் கழித்து என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “அடுத்த பந்தயம் என்னைக்கு?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் வலியோடு சிரித்தேன்.

அவர் நினைவாக நான் எதை வைத்திருக்கிறேன் என்று சாகுல் கேட்டான். மோவாயில் ஏழு தையல் இருக்கிறது, அது எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடம் மட்டும் இருப்பது வேறு. நான் டிரஸ்ஸர். நாய் கடித்து வந்தவன், குடித்துவிட்டு விழுந்தவன், வெட்டுப்பட்டு வந்தவன், எவனாக இருந்தாலும் கட்டை அவிழ்க்குமுன் “எப்படி ஆச்சு” என்று கேட்பது என் வேலை. எட்டு வருடம் அதே அறையில், கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு முகம் உடைந்து உடைந்து வந்தது. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.